ஏழாம் படுக்கையில் 76

மார்ச் 3, செவ்வாய்

உறுதியானது: நேற்று பிற்பகல் 2.10 மணிக்கு ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், நான்காம் படுக்கைக்குப் புதிதாக வந்த நோயாளியின் திரையில், அதற்கு முன் அங்கே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனவரின் நாடித்துடிப்பு ஓடியிருக்கிறது. சொன்னவர்: அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ், தொலைபேசியில், இன்று காலை 10.40. "நான் கையில நாடி புடிச்சுப் பாத்தேன் மேடம், நூத்தி முப்பது. உங்க ஸ்கிரீன் எழுபதுன்னு சாதிக்குது" என்றார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

உறுதியாகாதது: இது பழைய பிழைதானா.

இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனை, ஏழாம் படுக்கை. அங்கே திரையில் 76 என்று நின்றது. அதுவும் முந்தைய நோயாளியின் எண். படுத்திருந்தவரின் இதயம் தடுமாறிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மணி நான்கு நிமிடம் தாமதமாக அடித்தது. பதினோராம் நாள் அவர் இறந்தார். தாமதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று விசாரணைக் குழு எழுதியது.

அந்தத் திரைகளைச் செய்யும் எங்கள் நிறுவனத்தின் தரப்பில் பிழையைத் தேடி அறிக்கை எழுதியவள் நான். பிழை செய்தவர் என்று அறிக்கையில் இருந்த பெயர் என் நாத்தனாருடையது. அவள் வேலை போயிற்று. அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் நான்தான்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. தங்கை பேச்சை இந்த வீட்டில் நாங்கள் எடுப்பதில்லை. மாதம் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

மார்ச் 4, புதன்

குழப்பமாக இருந்தால், ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் எனக்கே எழுதிப் பார்ப்பது வழக்கம்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்ளறை. நினைவகத்தில் எந்த இடம் யாருக்கு என்று பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. நோயாளியின் விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டினால் அவருக்கென்று ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்தின் விலாசம் எழுதிய சீட்டுதான் பாயின்டர். கிளிப்பைக் கழற்றினால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அது அடுத்தவருக்குப் போகும். அதன் பிறகும் யாரோ பழைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே போய் எழுதிவிட்டு வருகிறார்கள்.

யார்? அது தெரியாமல் போன முறை "சரிசெய்யப்பட்டது" என்று எப்படி எழுதினேன்?

மார்ச் 5, வியாழன்

ஒரு நாள் முழுக்க முயன்றும் பிழை ஒருமுறைகூட வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சோதனைக்கூடத்தில் கிளிப்பை 312 முறை மாட்டிக் கழற்றினோம். விரல் கொடுத்தவர், நாங்கள் எல்லோரும் டவுட்டு என்று கூப்பிடும் சோதனைக்காரர். எதையும் நம்பமாட்டார். "நாள் பூரா என் நாடிய மாட்டி மாட்டிக் கழட்டினா, சாயங்காலம் நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே டவுட்டு வருது மேடம்."

பழைய மாடலில் வரவில்லை. புதிய மாடலில் இரண்டு முறை வந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க நடுநடுவே பதிவு எழுதும் வரிகளைச் சேர்த்தேன், உடனே மறைந்தது. எடுத்ததும் வந்தது.

"போலீஸ் நின்னா ஹெல்மெட் போடுற கேஸ் இது" என்றார் டவுட்டு. சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. போன முறையும் இப்படித்தானே மறைந்தது?

மார்ச் 9, திங்கள்

திருப்பிக் கொடுத்த இடம் முழுவதையும் ஒரே குறியால் நிரப்பும்படி கெர்னலை மாற்றி அமைத்தேன். காலி செய்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்பது போல. யார் கை வைத்தாலும் ஒட்டும்.

11.52க்குப் பிடிபட்டது. திரை முழுக்க அந்தக் குறி, 6b 6b 6b 6b. கை வைத்தது டைமர். நாடியை விநாடிக்கு நான்கு முறை புதுப்பித்து எழுதும் கடிகாரம்.

கிளிப்பைக் கழற்றும்போது எங்கள் நிரல் டைமரை நிறுத்தச் சொல்கிறது, பிறகு இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் நிறுத்தச் சொன்னால் நின்றுவிட்டது என்று பொருளில்லை. பிராசஸர் எனும் செயலியின் இன்னொரு மூலையில் அது பாதி வேலையில் இருக்கலாம். நிற்கும்வரை காத்திருக்கும் கட்டளை தனியாக உண்டு. அந்த வரியில் இருப்பது காத்திருக்காத கட்டளை. ஒரு சொல்தான் வித்தியாசம்.

இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு பதிவு வரி இருந்தது. அது மெதுவானது. அது எழுதி முடிப்பதற்குள் டைமர் தானாக நின்றுவிடும். நாத்தனார் இந்தப் பகுதியைப் புதிய கோப்புக்கு மாற்றியபோது, தேவையில்லாத வரி என்று அதை எடுத்திருக்கிறாள். சரியான முடிவு. அதோடு மறைவு போயிற்று, பிழை வெளியே வந்தது. நான் பழைய கோப்பைத் திருப்பி வைத்தேன். பதிவு வரியும் கூடவே வந்தது, பிழை மறுபடி ஒளிந்தது. அதற்குத்தான் "சரிசெய்யப்பட்டது" என்று பெயர் வைத்தேன். புதிய மாடலின் செயலி வேகமானது. அந்த மறைவு இதற்குப் போதவில்லை.

அப்படியானால் குற்றம் அவள் எடுத்த வரியில் இல்லை. காத்திருக்காத அந்த வரியில்.

அதையும் அவள்தான் எழுதினாள் என்று அன்று பார்த்தேனே.

மார்ச் 10, செவ்வாய்

காலை 9.15. ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயரைக் காட்டும் கட்டளையை ஓட்டினேன். அந்த வரிக்கு எதிரே என் பெயர். தேதி, நான் பழைய கோப்பைத் திருப்பி வைத்த நாள்.

இது தப்பு, நான் எழுதவில்லை, வைக்க மட்டும்தான் செய்தேன் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கடைசியாக அந்த வரியை வைத்தவர் பெயரைத்தான் அது காட்டுகிறது. அன்று அவள் பெயரைக் காட்டியதும், அவள் இடம் மாற்றி வைத்ததால்தானா?

இன்னும் பின்னே போனேன். அவள் மாற்றத்துக்கும் முன்னால். ஆறு வருடங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை. அந்த வரி அங்கே பிறந்திருக்கிறது. அவள் இந்த வேலைக்கே வராத காலம்.

எழுதியவள் நான்.

மார்ச் 11, புதன்

அன்று அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "அந்த வரிய நான் எழுதின மாதிரி ஞாபகம் இல்ல அண்ணி." நான் சொன்னது — "ரெக்கார்டு பொய் சொல்லாதும்மா."

இன்னும் ஒரு கட்டளை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? ஏன் பார்க்கல? அவ பேரு வந்ததும் நிம்மதியா இருந்துச்சா எனக்கு?

மார்ச் 12, வியாழன்

மேலாளரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"புதிய செயலியில் வெளிப்பட்ட பிழை, திருத்தப்பட்டதுன்னு போடுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"முழுசும் இல்லையே சார்."

"பழைய ஃபைல எதுக்கு மேடம் கிளறணும்? செத்தவர் திரும்பி வரப்போறாரா?"

"வேலை போனவ உயிரோடதானே சார் இருக்கா."

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "கையெழுத்து உங்களோடது. நான் தடுக்கல. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

மார்ச் 14, சனி

இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஒரே கையை மூன்று முறை தேய்த்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்வாங்க. நம்ம வீட்ல நாத்தனார் குடத்தையே தொடல. அப்படித்தானே?"

ஆமாம் என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்ட போ. நான் வரல. நான் வந்தா எனக்காக உன்னை மன்னிச்சிடுவா. அது வேண்டாம்."

மார்ச் 15, ஞாயிறு

போனேன். மாடி வீடு, ஒற்றை அறை. கதவைத் திறந்து, "அண்ணனுக்கு ஏதாவதா?" என்று கேட்டாள். இல்லை என்றதும்தான் உள்ளே விட்டாள்.

ஒரு பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் தட்டச்சு செய்கிறாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பாளாம். "ஆபீஸ்ல என்னை மாட்டு வண்டின்னு கூப்பிடுறாங்க, ஸ்பீடு அப்படி" என்றாள். தண்ணீர் கொண்டுவர எழுந்தவள் அடுப்பின் திருகை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். முன்பு இப்படி இல்லை. ஒரு கையில் காபியோடு மற்றொரு கையால் நிரல் அடித்தவள்.

அச்சிட்ட தாள்களைக் கொடுத்தேன். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலை வைத்து வரி வரியாகப் போனாள். ஆறு வருடத் தேதியில் விரல் நின்றது.

தாள்களை நேராக அடுக்கினாள். "எழுதலன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு அண்ணி. நல்லாவே இருந்துச்சு. ஆனா நீங்க பாத்து சொன்னீங்க. நீங்க பாத்தா தப்பா இருக்காதுன்னு, என் ஞாபகம்தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் எதுலதான் என்னை நம்புறது? கதவு பூட்டினேனான்னு பஸ் ஸ்டாப்புல இருந்து திரும்பி வருவேன்."

"என்னைத் திட்டு."

"திட்டுறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேணும் அண்ணி."

பிறகு அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். வேலை போன வாரமே, இறந்தவரின் மகளுக்குத் தன் பெயர் போட்டு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்திருக்கிறது. ஒரே வரி: "இன்னும் முடியவில்லை, முடிந்தால் எழுதுகிறேன்." அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பொண்ணு இன்னைக்கும் என்னைத்தான் நினைச்சிட்டு இருக்கும், இல்ல?" என்றாள்.

உறையில் இருந்த மகளின் விலாசத்தைக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

ஒரு சொல்லை மாற்றினேன். காத்திருக்கும் கட்டளை. புதிய மாடலில், பதிவு வரியே இல்லாமல், 4,000 முறை மாட்டிக் கழற்றினார்கள். இயந்திரக் கை வைத்துத்தான். ஒருமுறைகூட வரவில்லை. டவுட்டு, "இப்ப எனக்கே டவுட்டு இல்ல" என்று கை குலுக்க வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விட்டார்.

மார்ச் 20, வெள்ளி

திருத்திய அறிக்கை இரண்டு மருத்துவமனைகளுக்கும் போயிற்று. பக்கம் இரண்டு, முதல் பத்தி: பிழையான வரியை எழுதியவர், முந்தைய அறிக்கையைத் தவறாக எழுதியவர், இருவரும் ஒருவரே. என் பெயர். மாலை 4 மணிக்குக் கெர்னல் பிரிவின் நிரல்களைத் திறக்கும் அனுமதி என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. அப்படித்தான் செய்ய வேண்டும். அவளுக்கும் அன்று அதைத்தான் செய்தோம், மதியமே.

மார்ச் 22, ஞாயிறு

இறந்தவரின் மகளுக்கு நான் எழுதிய கடிதத்தோடு மறுபடி நாத்தனாரிடம் போனேன். நான்கு பக்கம் இருந்தது. அவள் வாசித்துக்கொண்டே கோடு போட்டு அடித்தாள். டைமர், செயலி, பதிவு வரி எல்லாம் போயிற்று.

"இதெல்லாம் நமக்கு அண்ணி. அந்தப் பொண்ணுக்கு வேண்டியது யாரு, எத்தனை நிமிஷம், ஏன் முன்னாடியே சொல்லல. அவ்வளவுதான்."

கடைசிப் பத்தியில் அவளைப் பற்றி எழுதியிருந்தேன். எவ்வளவு பொறுப்பானவள், எவ்வளவு வேதனைப்பட்டாள் என்று. அதையும் அடித்துவிட்டாள். "என்னை நல்லவள்னு எழுதாதீங்க. நான் எழுதலன்னு மட்டும் எழுதுங்க."

ஒரு பக்கத்துக்கும் குறைவாக வந்தது. கிளம்பும்போது, அலுவலகம் திரும்பக் கூப்பிட்டால் போவாயா என்று கேட்டேன். "புரோகிராம் எழுத உக்காந்தா ஒரு வரியையும் நம்ப முடியல அண்ணி. அதை யார்கிட்ட காட்டிச் சரி பண்றது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 27, வெள்ளி

காலை 11.20க்குக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை கிடைத்துவிடும் என்றார் கவுண்டரில் இருந்தவர். இவர் வெளியே வண்டியில் காத்திருந்தார். ரசீதை வாங்கிப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார். "பாத்தேன்" என்று பதில் வந்தது.

திருத்திய நிரல் எல்லா மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்வது: ஏப்ரல் 2. என்னைப் பற்றிய அலுவலக முடிவு: ஏப்ரல் 8. ஏழாம் படுக்கை விசாரணையை மறுபடி திறப்பதா என்று குழு கூடுவது: ஏப்ரல் 15.

நாத்தனார் அலுவலகத்துக்குத் திரும்புவது: கேட்கக்கூடாது என்று இவர் சொல்லியிருக்கிறார்.

மகளின் பதில்: தேதி இல்லை.