சீட் பெல்ட்டில் இருந்த சேறு

அக்டோபர் 18, சனி

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் வாங்கிய பழைய காரை நாளை ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெபித்துத் தருவதாக இருக்கிறது. அதற்காகக் கழுவும்போது சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தேன். உள்ளே சுற்றியிருந்த பாகமெல்லாம் காய்ந்த சேறு. விற்றவன் ஒரு கீறல்கூட விழாத வண்டி என்றானே! ஆற்றிலோ குளத்திலோ விழுந்து ஆள் செத்த வண்டியோ என்று உள்ளே முழுக்கத் துழாவினேன்.

டேஷ்போர்டில் கிடந்த பழைய சர்வீஸ் பில்லில் வண்டியை முன்பு வைத்திருந்த ஒரு அம்மாவின் எண் இருந்தது. கூப்பிட்டேன். மறைக்காமல் மலையாளத்தில் சொன்னார். ஆற்று வெள்ளத்தில் இரண்டு நாள் முங்கிக் கிடந்ததாம். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டி இனி உதவாது என்று எழுதிவிட்டார்களாம். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லோரும் மாடியில் இருந்தார்களாம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடியப்பட்டணத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "ஏட்டி, கடல்ல முங்குன எஞ்சினையே நான் ஓட வைக்கேன். இது வெறும் ஆத்துத் தண்ணி. இதுக்குப் போய் பேடிக்கியா?"

பிரேக்கையும் வயரையும் அவர் கழற்றிப் பார்க்காமல் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். விற்றவனைத் திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கிறேன்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் தலையில் தண்ணீர் தெளிப்பதோடு சரி. இந்த வண்டி முழுக்கு ஞானஸ்நானமே எடுத்துவிட்டு வந்திருக்கிறது. போதகரிடம் சொல்வதா, வேண்டாமா?