துர்காவின் எச்சில் சொன்ன சேதி

என் தங்கமான அக்காவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. இன்று காலை உன் மகள் துர்கா குளுவாங் லம்பாக் மலை உச்சிவரை ஏறிவிட்டாள்! யாரும் கை பிடிக்கவில்லை. நான் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், அவள் மேலேயிருந்து கத்துகிறாள், "சித்தி, வாங்கலா! இவ்வளவுதானா உங்க ஸ்டாமினா?" என்று. போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வரி எழுதியதில்லை நான். என்ன எழுதுவது? இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. இதை நாலு பேர் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. படிக்கட்டும், படித்தால் நல்லதுதான்.

நீ போனபிறகு துர்கா எங்களோடு சிம்பாங் ரெங்கத்தில் இருந்துதான் படித்தாள். பிறகு சிங்கப்பூரில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஜொகூர் பாருவில் இரண்டு பெண்களோடு வாடகைக்கு அறை. விடியுமுன் எழுந்து, பஸ் பிடித்து, பாலம் தாண்டிப் போய்வருவாள். சனிக்கிழமை ஆனால் இங்கே வந்துவிடுவாள்.

போன வருஷக் கடைசியில் அவள் உடம்பு இளைக்க ஆரம்பித்தது. வந்ததும் படுத்துக்கொள்வாள். மாடிப்படி ஏறினால் கால் துவண்டுவிடுகிறது என்பாள். இரண்டு மூன்று கிளினிக் போய்ப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான், ஸ்ட்ரெஸ். வைட்டமின் மாத்திரை, ஒருநாள் எம்.சி. லீவு, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே ஐந்து பிளாஸ்டிக் குழாய்.

"இது என்னடி?" என்றேன்.

"எச்சில் டெஸ்ட், சித்தி. உடம்புல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஒண்ணு இருக்கு. காலையில எழுந்ததும் மேல ஏறும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி ராத்திரி தூங்கப் போறப்ப கீழ வந்துடும். ஐஞ்சு நேரம் துப்பி அனுப்பினா கோடு போட்டுக் காட்டுவாங்க. எனக்கு எகிறிப் போயிருக்கும் பாருங்க. அதைக் காட்டி வேற ஷிஃப்ட் கேக்கப் போறேன்."

அவள் திட்டம் அதுதான் அக்கா. தனக்கு ஸ்ட்ரெஸ் அதிகம் என்று ஒரு காகிதம் வேண்டும். வேறொன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ பார்த்திருக்க வேண்டும்! கண் விழித்ததும் பல் தேய்க்கக் கூடாது, தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது, குழாயில் கோடு போட்ட இடம்வரை துப்ப வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து துப்பப் பார்க்கிறாள், வாய் காய்ந்துகிடக்கிறது. ஒரு சொட்டு வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எலுமிச்சங்கா ஊறுகா... பச்ச மாங்கா... அசாம் போய் புளிப்பு வத்தல்..." என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். என் வாயில்தான் ஊறுகிறது! அந்த நேரம் பார்த்து உன் தங்கச்சி வீட்டுக்காரர் கையில் காப்பியோடு உள்ளே வருகிறார், "இந்தாம்மா, சூடா குடி" என்று. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தில் பாவம், மனுஷன் காப்பியைத் தரையில் கொட்டிவிட்டார்.

எழுந்ததும் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, மத்தியானம், சாயங்காலம், படுக்கும்முன் கடைசி. ஒவ்வொன்றிலும் நேரம் எழுதி ஃப்ரீசரில் வைத்தோம், நெத்திலி பொட்டலத்துக்கும் மீன் உருண்டைக்கும் நடுவில். மறுநாள் ஐஸ் பையோடு கட்டி அனுப்பினோம்.

நடுவில் ஒன்று கவனித்தேன். மத்தியானக் குழாய் முடிந்ததும் கொய்யாப்பழம் கேட்டாள். உப்பைத் தொட்டுச் சாப்பிடவில்லை அக்கா, உப்பிலே புரட்டிச் சாப்பிட்டாள். பிறகு ஊறுகாய்ப் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை வாயில் கவிழ்த்துக்கொண்டாள். 'அப்படியே அவள் அம்மாவைப் போல' என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரித்தேன்! நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

முடிவு அவள் கைப்பேசிக்கு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் காட்டினாள். படத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. காலையில் உயர்ந்து, இரவுக்குச் சரிகிறது. எல்லாருக்கும் கோடு அந்த மேட்டுக்குள் இருக்குமாம். துர்காவின் கோடு அடியிலே, தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"பாத்தீங்களா சித்தி, எனக்கு ஸ்ட்ரெஸ்ஸே இல்ல! என் பிளான் எல்லாம் போச்சு லா."

"அப்ப நல்லதுதானே?" என்றார் இவர்.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. "காலையில மேல ஏறணும்னு நீதானே சொன்ன? ஏன் ஏறல?"

"அது டெஸ்ட் ரோசாக் ஆயிருக்கும். டியூப்பு கெட்டுப்போயிருக்கும்."

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி: காலை அளவு மிகவும் குறைவு, மருத்துவரைப் பாருங்கள். அவள் அதுவரை படிக்கவே இல்லை.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் விரலைப் பார்த்தேன். முட்டியெல்லாம் கறுத்திருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து உன் கடைசி தீபாவளிப் படத்தை எடுத்துவந்தேன். அவள் கையைப் பிடித்து உன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே விரல், அதே கறுப்பு.

அக்கா, நீ மின்னணு ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். முகமூடி, கையுறை, நாள் முழுக்க ஏர்கான். உன் மேல் வெயில் பட்டதே இல்லை. பிறகு எப்படிக் கறுத்தாய்? யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தீபாவளிக்கு உனக்கு வெள்ளையாக்கும் கிரீம் வாங்கித் தந்தேன். நீயும் சிரித்துக்கொண்டே வாங்கிப் பூசினாய். இரண்டு மாதத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வாந்தி. சாப்பாடு சேரவில்லை என்று நினைத்தோம். ஆஸ்பத்திரி வாசலில் என் தோளில் சாய்ந்தவள் பிறகு நிமிரவே இல்லை. உனக்கு நாற்பத்திரண்டு வயசு.

"நாளைக்குக் கிளினிக் போறோம்" என்றேன்.

"நாளைக்கு வேலை இருக்கு சித்தி. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"உங்கம்மாவும் இதையேதான்டி சொன்னா."

துர்கா அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலதிகாரிக்கு லீவு கேட்டுச் செய்தி அனுப்பினாள்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு மலாய்க்கார டாக்டர் பெண், துர்காவைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். கைப்பேசியில் வந்த அந்த முடிவைக் காட்டினேன். சிரிப்பாரோ என்று பயமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. இந்த எச்சில் சோதனையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று மலாயில் சொன்னார். சொல்லிக்கொண்டே துர்காவின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். உள்ளங்கை ரேகையைப் பார்த்தார். படுக்கவைத்து ரத்த அழுத்தம் எடுத்தார், நிற்கவைத்து மறுபடி எடுத்தார். நின்றதும் சர்ரென்று இறங்கியது. நாக்கு உப்பைத் தேடுமா என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். உன் கதையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. அப்போதே கடிதம் கொடுத்து, இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள், ஓர் ஊசி போட்டார்கள், அரை மணி கழித்து ரத்தம், ஒரு மணி கழித்து மறுபடி ரத்தம். அந்த ஊசி போட்டால் யாருக்கும் ஹார்மோன் மேலே ஏற வேண்டுமாம். துர்காவுக்கு ஏறவில்லை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி சின்னச் சுரப்பி இரண்டு இருக்கிறது அக்கா. உடம்பே அதை எதிரி என்று நினைத்து அழித்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த ஹார்மோன் இல்லாத உடம்பு கறுக்குமாம், உப்பைத் தேடுமாம், ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்காதாம்.

"எங்க அக்காவுக்கும் இதுதானா?" என்று கேட்டேன். பெரிய டாக்டர் நம் தமிழர்தான்.

"சோதனை பண்ணாம உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா, இதுவா இருந்திருக்கும்னுதான் தோணுது."

துர்கா என் கையைப் பிடித்தாள். "அம்மா சோம்பேறி இல்ல சித்தி" என்றாள். "தூங்கிட்டே இருக்காங்கன்னு நான் எவ்வளவு கத்தியிருக்கேன்." அந்த வராந்தாவில் இரண்டு பேரும் அழுதோம். உன்னிடம் மன்னிப்புக் கேட்டோம். உனக்குக் கேட்டதா?

இனி நல்ல சேதி மட்டும்தான். மாத்திரை இருக்கிறது அக்கா! விழித்ததும் கூடுதலாக, மத்தியானம் குறைவாக, இரவுக்கு ஒன்றுமில்லை. உடம்பு போடாத மேட்டை நாங்கள் மாத்திரையால் போடுகிறோம். உப்பைப் பிடித்துவைக்க இன்னொரு சின்ன மாத்திரை. வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே வாழலாம் என்கிறார்கள்.

நாலாவது நாள் துர்கா அடுப்படியில் நின்று, "சித்தி, பசிக்குது" என்றாள். மாதக்கணக்கில் கேட்காத வார்த்தை! ஆறு தோசை சாப்பிட்டாள். இரண்டு வாரத்தில் இவரோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை. முகம் தெளிந்துவிட்டது. ஷிஃப்டும் மாற்றிக்கொடுத்துவிட்டார்கள். என்னையும் சோதித்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை.

அவள் பையில் ஓர் அட்டை, நோயின் பெயரெழுதி. அதோடு ஓர் அவசர ஊசி. வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே தொடையில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஊசியைக் கண்டால் நான் எப்படி ஓடுவேன் என்று உனக்குத் தெரியுமே? நர்ஸ் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துக் குத்தச் சொன்னார். முதல்நாள் கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். பழம் உருண்டு ஓடிவிட்டது. "அலமாக், சித்தி! என் தொடையும் ஓடும் போல!" என்று துர்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு குத்துகிறேன். மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி. வீட்டில் ஆரஞ்சு மிஞ்சுவதே இல்லை.

துர்காவுக்கு இப்போது இருபத்தாறு. அக்கா, நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ நின்றுபோன அந்த நாற்பத்திரண்டை அவள் என் கண்ணெதிரே தாண்டுவாள். அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு, உனக்கு அடுத்த கடிதம் எழுத உட்காருவேன். அவள் தலையில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்கிறேன்.

உன் பிள்ளைக்கு இன்னொரு தாயாக நிற்கும்
உன் தங்கச்சி மல்லிகா