மாத்திரைப் பெட்டியில் பூனை

போர்முனை மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடும் மாண்புமிகு அக்காவுக்கு, தம்பி தலைவணங்கி எழுதுவது.

முதலில் தலைப்புச் செய்தி. எனக்கு மீசை முளைத்துவிட்டது. மொத்தம் பதினொரு முடி. அம்மா ஏழுதான் என்கிறாள். மறு எண்ணிக்கைக்கு மனுப் போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அதனால் பள்ளி விட்டதும் அச்சகத்தில் நான்தான் ராஜா. வாராவாரம் வேனில் வரும் சத்து மாத்திரைக்காரருக்கு லேபிள் அடிப்பதும் நானே.

போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, கிளர்ச்சிக்காரர்களின் முகாமைப் பிடித்தபோது துப்பாக்கிகளோடு போதை மாத்திரைப் பெட்டிகளும் அகப்பட்டன என்று. ஊர்ப் பிள்ளைகளுக்கு மாத்திரை, அதை விற்ற காசில் கிளர்ச்சிக்காரர்களுக்குத் தோட்டா என்று மேஜர் சொன்னாராம். லேபிள் மூலையில் கண்ணடிக்கும் பூனை ஒன்று இருந்ததாம். எந்தக் கிறுக்கன் வரைந்தானோ என்று சிரித்திருந்தாய். அடுத்த வரியிலேயே, அன்று உன் கையில் உயிர்விட்ட சிப்பாய் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன் என்றும் எழுதியிருந்தாய்.

அந்தக் கிறுக்கன் நான்தான், அக்கா. மாத்திரைக்காரர் சரியான சிடுமூஞ்சி. அவரைக் கலாய்க்கத்தான் கடுகளவில் அந்தப் பூனையை வைத்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே அவரை வழிமறித்து, இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அச்சகத்துப் பிள்ளைக்கு அச்சமேது? மனிதர் அப்போதே வேனைக் கிளப்பினார்.

அம்மா உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள். ஒரு கை நீளமாகிவிட்டது. மடித்துக்கொள்.

அக்கா, மேலே மாத்திரைக்காரரை வழிமறித்ததாக எழுதிய பத்தி முழுப் பொய். நான் வாயே திறக்கவில்லை. அவர்தான் திறந்தார். “தம்பி, பூனை இல்லாத பெட்டியை இப்ப எவனும் தொட மாட்டேங்கிறான். போலின்னு திருப்பி அனுப்புறான். இனிமே கொஞ்சம் பெருசாவே போடு” என்று என் தோளைத் தட்டினார். சரிங்க சார் என்றேன். பெரிதாகவே போட்டேன். இதை எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் கட்டுக்கட்டாக லேபிள்களின் மை காய்ந்துகொண்டிருக்கிறது.

காவல் நிலைய வாசல்வரை இரண்டு முறை போனேன். அச்சகம் அப்பா பெயரில் இருக்கிறது. திரும்பிவிட்டேன்.

உறைக்குள் ஒரு லேபிளும் வேன் எண்ணும் வைத்திருக்கிறேன். மேஜரிடம் கொடு. அப்பாவுக்கு அவை சத்து மாத்திரைகள் என்றுதான் தெரியும். அதை முதலில் சொல்லிவிடு. என்னைப் பற்றி அப்புறம் சொன்னால் போதும்.

தோட்டா வரும் ஜன்னல் பக்கம் படுக்காதே, அக்கா.

உன் தம்பி