காலி நாற்காலிக்கு வழிவிடும் ஊர்

ஜூலை 7
சைக்கிள் பாதையில் இன்று கார்கள் நின்றன. ஓர் ஐஸ் லோரி நின்றது. ஒரு பூனை படுத்திருந்தது. சைக்கிள் மட்டும் இல்லை. அது என்னோடு நடுச்சாலையில் பேருந்துக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது. நூலக வேலைக்குத் தாமதம்.

ஜூலை 9
விழுந்தேன். ரசாக் அண்ணேயின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை முன்னால், பாதையில் நின்ற காரின் கதவு திடீரென்று திறந்தது. இறங்கியவர் முதலில் கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை. "பாத்து வரக்கூடாதாக்கா?"

முழங்கையில் கட்டு. என் கணவர் யுகேந்திரன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ விழுந்தா சைக்கிள வித்துடுவேன். கை ஆறுற வரைக்கும் நானே கார்ல விடுறேன்."

விற்பாரா? விற்பார். என் தையல் இயந்திரம் போன வழி எனக்குத் தெரியும்.

ஜூலை 10
சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பச்சை வண்ணம் அடித்திருக்கிறோமே என்றார்கள். அடித்திருக்கிறார்கள்தான். வண்ணம் காரைத் தடுக்காதே, பாதையோரம் கம்பம் நடுங்கள் என்றேன். பரிசீலிக்கிறார்களாம்.

ஜூலை 14
யுகேந்திரன் காரில் கொண்டுவிட்டார். போகும் வழியில் ரசாக் அண்ணே கடையில் பசியாற நினைத்தோம். நிறுத்த இடமில்லை. சுற்றினோம். கடையோரம் ஓர் இடம் காலியாக இருந்தது, நடுவில் கால் ஒடிந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

"அதை நகர்த்திட்டு நிறுத்துங்களேன்."

"பைத்தியமா? யாரோ இடம் பிடிச்சு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க லா!"

சொல்லிவிட்டு சைக்கிள் பாதையில் நிறுத்தினார். "செக்கெஜாப்தான்."

அந்த ஒரு நிமிடத்தில்தானே நான் விழுந்தேன்?

ஆனால் கோபம் வரவில்லை. அறிவிப்புப் பலகை, அபராதம், பச்சை வண்ணம் எதற்கும் அஞ்சாத மனிதர் ஓர் ஊனமுற்ற நாற்காலிக்கு அஞ்சினார். இந்த ஊரில் பிறர் போட்ட நாற்காலியை நகர்த்துவதும் பிறர் வீட்டுப் படுக்கையறைக்குள் நுழைவதும் ஒன்று.

ஜூலை 16
ரசாக் அண்ணேயிடம் பழைய நாற்காலிகள் கேட்டேன்.

"என் கஸ்டமர் எங்க தங்கச்சி நிறுத்துவான்?"

"தள்ளி நிறுத்திட்டு நடந்து வரட்டும் அண்ணே. பசிக்கும். ஒரு துண்டு கோழி கூடுதலாச் சாப்பிடுவாங்க."

விரல்விட்டுக் கோழியை எண்ணிப் பார்த்தார். கொடுத்தார்.

ஜூலை 17
சைக்கிள் பாதையின் வெள்ளைக் கோட்டின் மேல் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். பாதையில் ஒரு கார்கூட இல்லை. யாருடைய நாற்காலி என்று ஒருவரும் கேட்கவில்லை. முழங்கைக் கட்டைப் பிரித்துவிட்டு சைக்கிளில் போனேன். பூனையும் நானும்.

ஜூலை 21
எதிர்பாராத சிக்கல். நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மிதித்துக்கொண்டிருந்த என்னை ஒரு பெரியவர் கைதட்டிக் கூப்பிட்டார்: "ஒரு தே தாரிக், சீனி கம்மி!"

பிரேக் பிடித்துத் தள்ளாடினேன். விழவில்லை. வீட்டில் சொல்லவில்லை.

ஜூலை 22
அண்ணே ரம்பம் கொண்டுவந்து எல்லா நாற்காலிக்கும் ஒரு கால் அறுத்தார். மரியாதை கூடியிருக்கிறது.

ஆகஸ்ட் 5
சாலை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். ஜெயராஜ் என்று பெயர். சாலையில் பொருள் வைப்பது குற்றம், நாளைக்குள் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் கார்கள் வரும். கார்கள் வந்தால் கதவு. பிறகு என் சைக்கிள் தையல் இயந்திரத்தைத் தேடிப் போகும்.

சட்டை முழுக்க வியர்வை அவருக்கு. "கார் எங்க சார்?" என்றேன்.

"அந்தக் கோயில்கிட்ட. இங்கதான் நீங்க நாற்காலி போட்டு—"

நிறுத்திக்கொண்டார். அண்ணே அவருக்கு ஒரு தே ஓ ஐஸ் கொடுத்தார். குடித்து முடித்துச் சொன்னார்: "கம்பம் வர்ற வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரலன்னு வச்சுக்குங்க."

செப்டம்பர் 3
கம்பங்கள் நட்டுவிட்டார்கள்! ரப்பர். இடித்தால் வளைந்து, மறுபடி நிமிர்கின்றன. அண்ணே நாற்காலிகளைக் குப்பை லோரியில் ஏற்றினார். கொஞ்சம் வருத்தம்தான்.

செப்டம்பர் 8
சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி குறைகிறது. யுகேந்திரனைக் கேட்டேன்.

"ரசாக் கடை முன்னால ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கொஞ்சம் அகலமா விட்டுட்டாங்க. சின்னக் கார் நுழையுது, அதை அடைக்கத்தான்," என்றார், தலையைத் தூக்காமல்.

நின்றபடியே சாப்பிட்டார்.