ஒத்திகை இல்லாத அலறல்

14.8.1979, செவ்வாய்

வானொலி நாடகப் பிரிவிலிருந்து இன்று கடிதம் வந்தது. ஒரு காலத்தில் கதாநாயகியாகப் பேசியவள் நான். பிள்ளை பெற்றுக் குரல் தடித்ததும், நாடகத்தில் கொலையாகும் பெண்களுக்கு அலற மட்டும்தான் கூப்பிட்டார்கள். நான்கு வருடம் அலறினேன். இப்போது மறுபடியும் கதாநாயகி. வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் ஒலிப்பதிவு.

மாலையில் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவுக்குக் காய்கறி லோரி ஓட்டிவிட்டு வந்த என் புருஷன், கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டான்.

"எவன்கூடப் பேசப் போற? வாய் இருந்தாத்தானே பேசுவ!"

முகத்திலேயே குத்தினான். முன்பல் உடைந்தது. முடியைப் பிடித்துப் பலகைச் சுவரில் மோதினான். உயிர் போகிற மாதிரி அலறினேன். எங்கள் லயத்து வரிசையில் அடுத்த வீட்டு அஞ்சலை சுவரைத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா ஒத்திகை பாருங்க லா. புள்ள தூங்குது."

அவளைக் குறை சொல்ல முடியாது. வருடக்கணக்காக இந்தச் சுவரோரம் நின்றுதான் நான் செத்துச் செத்துப் பழகினேன்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவன் குளிக்க அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைத் தூக்கி அவன் தொடையில் ஊற்றினேன்.

அவன் ஒரே ஒரு முறைதான் கத்தினான். லயமே எங்கள் வாசலுக்கு ஓடி வந்துவிட்டது. ரத்தம் வடியும் வாயோடு நான் நின்றுகொண்டிருந்தேன். முதல் ஆளாக உள்ளே நுழைந்த அஞ்சலை பதறிப்போய்க் கேட்டாள்:

"ஐயோ, அண்ணனுக்கு என்னாச்சுக்கா?"