பால் டப்பாச் சத்தம்

மார்ச் 4, திங்கள்

இன்றும் மேசையில் மூன்று தட்டு. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது.

மாலையானால் அம்மா தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். பம்ப் ஹவுஸில் ஷிப்ட் முடிந்து அவர் வந்த பிறகுதான் சாப்பாடு. அவர் வருவதில்லை. அவள் சாப்பிடுவதில்லை. நான் சமையலறையில் நின்றுகொண்டே எதையோ விழுங்கிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "அப்பா செத்துட்டாரும்மா" என்றேன். "வாயைக் கழுவுடி. காலையிலதானே டப்பா கட்டிக் குடுத்து அனுப்பினேன்" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

மார்ச் 6, புதன்

அம்மாவுக்கு எடை இன்னும் குறைந்திருக்கிறதாம். வெறும் வயிற்றில் இத்தனை மாத்திரை கொடுக்கக் கூடாதாம். டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்கிறார், ஏதோ நான்தான் தட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதுபோல.

தம்பிக்குப் போன் செய்தேன். "எவ்வளவு நாள்தான்க்கா நீ தனியா கிடந்து அல்லாடுவே? எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு ஹோம் இருக்கு. ஜூலையில லீவு போட்டுட்டு வரேன். அதுக்குள்ள ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சாங்கன்னா சரி. இல்லைன்னா கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான்.

"அங்கே மட்டும் சாப்பிட்டுடுவாளா?"

"டியூப் போட்டுக் குடுப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

மார்ச் 12, செவ்வாய்

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. "இது அவர் இல்ல" என்றாள் அம்மா. இன்னொன்று போனது. "இதுவும் இல்ல." தலையைக்கூடத் திருப்பவில்லை. காதால்தான் காத்திருக்கிறாள்!

அப்படியென்றால் அந்த வண்டியே வந்தால்?

மார்ச் 13, புதன்

கொட்டகையைத் திறந்து பார்த்தேன். சாக்கை நீக்கினால் தூசி, எலிப் புழுக்கை, அதற்கு நடுவே அப்பாவின் வண்டி. சீட்டின் பாதியை எலி தின்றிருக்கிறது. சக்கரம் இரண்டும் தட்டை. கிக்கரை மிதித்தேன், இம்மியும் அசையவில்லை. என் முட்டிதான் கத்தியது.

அப்பா இருந்தவரை இதை யாரும் தொட முடியாது. தம்பி பள்ளிக்கூட நாளில் ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டான், சும்மா உட்கார்ந்ததுதான். அப்பா வாரக்கணக்கில் அவனோடு பேசவில்லை. "நான் இருக்கிற வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக்கூடாது" என்பார். துடைக்கக்கூட அம்மாவை விடமாட்டார்.

இது ஓடுமா? ஓடினாலும் அம்மா எழுந்து வருவாளா? பைத்தியக்கார யோசனைதான். வேறு யோசனை எதுவும் கைவசம் இல்லை.

மார்ச் 16, சனி

மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பதால் விதவிதமான ஆட்களைப் பார்க்கிறேன். இன்று ஒருவர் பழைய பிரேம் ஒன்றைக் கொண்டுவந்து, அதிலேயே புது லென்ஸ் போடச் சொன்னார். பிரேம் விரிசல் விட்டிருந்தது. புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, "இதுதான் மேடம் ஒரிஜினல்" என்றார், கோயில் சிலையைத் தொடுகிற பக்குவத்தோடு அதைத் தொட்டுக்கொண்டு.

லென்ஸைத் தேய்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வீட்டு கார் ஷெட்டில் கூடுவார்களாம். அப்பா வண்டியைப் பற்றிச் சொன்னேன். எந்த வருஷத்து வண்டி என்று கேட்டார். சொன்னதும் கண்ணாடியை வாங்காமலே எழுந்துவிட்டார். "எங்க இருக்கு?"

மார்ச் 17, ஞாயிறு

ஒரிஜினல் வந்தார் (இனி அவர் பெயர் அதுதான்). கூடவே பேக்கரி வைத்திருக்கும் ஒருவர். விடியுமுன் எழுகிற தொழில், அதனால் வார்த்தைக்கு வார்த்தை கொட்டாவி. இரண்டு பேரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எதற்காக ஓட வேண்டும் என்று சொன்னேன். பேக்கரிக்காரர் கொட்டாவியை நிறுத்தினார். பிறகு, "ஓட வச்சிடலாம்க்கா" என்றார்.

ஒரிஜினல் சைலன்ஸரைத் தடவிக்கொண்டிருந்தார். அதில் ஒரு ஓட்டை. ஓட்டையின்மேல் ஒரு தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார் அப்பா. "யார் மேடம் இந்த அக்கிரமத்தைப் பண்ணினது?" என்றார். எங்க அப்பா சார் என்றேன். "ஓ, ஸாரி" என்றார். முகத்தில் ஸாரி இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

வண்டி இப்போது வண்டியாக இல்லை. ஒரிஜினலின் ஷெட்டில் தரை முழுக்கப் பரப்பிக் கிடக்கிறது. பிஸ்டன் உள்ளே இறுகிப் போயிருந்ததால் எண்ணெயில் ஊறப்போட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தார்கள். அது வெளியே வந்ததும் பிரசவ வார்டு மாதிரி ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை கார்புரேட்டர். சின்னச் சின்னத் திருகாணிகள், ஊசி முனை ஓட்டைகள். கடை வேலைதான், இங்கே பெட்ரோல் நாற்றம் கூடுதல். "கை நடுங்கலையே அக்கா உங்களுக்கு" என்றார் பேக்கரிக்காரர். நாளெல்லாம் இதுதானே செய்கிறேன் என்றேன். ஆறு நாள் கடை, ஏழாவது நாள் ஷெட். முதுகு என்று ஒன்று இருப்பது இப்போதெல்லாம் எந்நேரமும் ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

மூன்று தட்டு.

மே 5, ஞாயிறு

ஒரே ஒரு நட்டுக்காகக் காலையிலிருந்து சண்டை. அந்த வருஷத்து வண்டியில் அந்த நட்டு கறுப்பா, வெள்ளி நிறமா? ஒரிஜினல் புத்தகம் காட்டுகிறார். பேக்கரிக்காரர் போட்டோ காட்டுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்கம்மா நட்டைப் பார்க்கப் போறதில்ல. அவளுக்குச் சத்தம் கேட்டா போதும்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பிறகு ஒரிஜினல் நட்டுக்குக் கறுப்புப் பூசினார்.

மே 26, ஞாயிறு

ஒரிஜினல் முகத்தில் கல்யாணக் களை. யார் யாரிடமோ கெஞ்சி, அசல் சைலன்ஸர் ஒன்றைப் பிடித்துவிட்டார். காகிதம்கூடப் பிரிக்காதது. மாட்டினார்கள், பளபளவென்று இருந்தது. பழையதை என்ன செய்ய என்று பேக்கரிக்காரர் கேட்டார். தூக்கிப் போடுங்கள் என்று சொன்னது நான்தான். எனக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும்.

ஜூன் 9, ஞாயிறு

ஓடிவிட்டது!

ஒரிஜினல் மிதித்தார், இரண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது. பேக்கரிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமெல்லாம் இல்லை, அசதி.

என்னவோ ஒன்று மட்டும் குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை.

சாயங்காலம் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். ஒரிஜினல் பேசி வைத்தபடி மூலை திரும்பி வந்தார். மெத்தென்று, பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி எங்கள் கேட்டிலேயே வந்து நின்றது.

அம்மா அசையவில்லை. "யாருடி அது? வழி தெரியாம வந்து நிக்கிறாங்க போல. போய்க் கேளு" என்றாள்.

வெளியே போனேன். ஒரிஜினல் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஆவலாகப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "கார்புரேட்டர் செட்டிங்ல ஏதாவது..." என்று ஆரம்பித்தார். போதும் சார், விட்டுடுங்க என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஹெல்மெட்டை மாட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மூணு மாசம். ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு என்னன்னே மறந்து போச்சு. எல்லாம் எதுக்கு? தம்பி வரட்டும், கூட்டிட்டுப் போகட்டும். என்னால முடியல. நிஜமாவே முடியல.

ஜூன் 18, செவ்வாய்

அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "அப்பா வண்டி எப்படிம்மா சத்தம் போடும்?"

"டப்பு டப்புன்னு வரும். நடுவுல ஜிர்ர்ருனு ஒண்ணு கத்தும்." உதட்டைக் குவித்து ஜிர்ர் என்று செய்து காட்டினாள். "பால் டப்பாடி. உன் தம்பி குடிச்ச பால் பவுடர் டப்பாவை வெட்டித்தான் ஓட்டையில கட்டினார். மூலை திரும்பறப்பவே டப்பா கத்தும். நான் அடுப்பைப் பத்த வைப்பேன்." சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தூக்கிப் போடுங்கள் என்று சொன்னேனே, படுபாவி நான்!

ஜூன் 19, புதன்

கடையிலிருந்தே ஒரிஜினலுக்குப் போன் செய்தேன். முதலில் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு பழைய சைலன்ஸர் என்ன ஆயிற்று என்றேன்.

அவர் தயங்கித் தயங்கி, "தூக்கிப் போடலை மேடம். எனக்கு எதையும் தூக்கிப் போட வராது. அந்தத் தகரத்தை மட்டும் பிரிச்சுப் போட்டுட்டேன், பார்க்கச் சகிக்கலை" என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

பேக்கரிக்காரர் அவர் கடையிலிருந்து காலி பால் பவுடர் டப்பா ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தார். பழைய சைலன்ஸரைத் திரும்ப மாட்டினோம். டப்பாவை வெட்டினோம், சுற்றினோம், கட்டினோம். இறுக்கிக் கட்டினால் சத்தமே இல்லை. தளர்த்தினால் கழன்று விழுகிறது. ஒரிஜினல் கம்பியைத் தொடும்போதெல்லாம் தன்னை அறியாமல் முறுக்கி இறுக்கிவிடுகிறார். "சார், நல்லா இருக்கக் கூடாது சார்" என்று பேக்கரிக்காரர் கெஞ்சினார். "எனக்குக் கை வர மாட்டேங்குதுய்யா" என்றார் அவர்.

கடைசியில் கம்பியை நான் வாங்கிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடிக் காதுத் திருகாணி மாதிரிதான், ஒரு கால் சுற்று விட்டுப் பிடிக்க வேண்டும். விட்டுப் பிடித்தேன். ஜிர்ர்.

எனக்கும் அது தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் வீட்டுப்பாடத்தை மூடிவைக்கச் சொல்கிற சத்தம் அது. எப்படி மறந்தேன்?

யார் ஓட்டிக்கொண்டு போவது என்று கேட்டேன். ஒரிஜினல் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தக் கோலத்துல இதை நான் தெருவுல ஓட்டினா, குரூப்புல ஒருத்தனும் மதிக்க மாட்டான். நீங்களே ஓட்டுங்க. நான் சொல்லித் தரேன்."

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்கூட்டர் ஓட்டிய எனக்கு எல்லாம் தலைகீழ். இரண்டு முறை அவர் ரோஜாச் செடிக்குள் போனேன்.

ஜூன் 30, ஞாயிறு

எழுதிவிடவேண்டும், மறப்பதற்கு முன்.

மூலை திரும்பினேன். டப்பா கத்தியது. தூரத்தில் எங்கள் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள், செருப்புகூடப் போடாமல். நான் வந்து சேர்வதற்குள் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அம்மா வண்டியைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயா ஓட்டிட்டு வந்தே?"

"ஆமாம்மா."

"அவர் குடுத்தாரா?"

பொய் ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தேன், அப்பாவுக்கு இன்றைக்கு டபுள் ஷிப்ட் என்று.

"அவர் இருந்தா உன்னைத் தொட விட்டிருக்க மாட்டாரே" என்றாள் மெதுவாக. தகரத்தில் கையை வைத்தாள். சூடு, சட்டென்று எடுத்துக்கொண்டாள். "போய்ட்டாரா?"

"போய்ட்டாரும்மா. மூணு வருஷம் ஆச்சு."

"நான் அழுதேனா?"

"ரொம்ப அழுதே."

தலையை ஆட்டினாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நானும் அழுதேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ பார்த்தார்கள், பார்க்கட்டும். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"வா, ஆறிடும்."

உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சூப் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூலை 1, திங்கள்

பஸ்ஸுக்குப் போகவில்லை. வண்டியிலேயே கடைக்குப் போய்த் திரும்பினேன். கேட் திறந்திருந்தது.

ஜூலை 4, வியாழன்

மூன்று தட்டு. மனசு விட்டுப்போனது. "அவர் எங்கடி?" என்றாள். மறுபடியும் முதலிலிருந்தா? வெளியே நின்ற வண்டியைக் காட்டினேன், அவ்வளவுதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமால்ல" என்றாள். சாப்பிட்டாள்.

இது தினமும் நடக்கலாம். நடக்கட்டும்.

ஜூலை 12, வெள்ளி

கடையில் கூட்டம், கிளம்பவே நேரமாகிவிட்டது. மூலை திரும்பும்போது கேட்டில் இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. தம்பி வந்திருக்கிறான்.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலைக்கா. அம்மா எழுந்து, 'அக்கா வந்துட்டா, தட்டை எடு'ன்னு சொன்னாங்க" என்றான்.

உள்ளே மேசையில் மூன்று தட்டு. அம்மா மூன்றாவது தட்டை நகர்த்தித் தம்பிக்கு முன்னால் வைத்தாள். அம்மா வைத்த சூப்பில் உப்பே இல்லை. யாரும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவன் வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஒரே ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்றான்.

"நான் இருக்கிற வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக்கூடாது" என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது. அம்மா சிரிக்க ஆரம்பித்து, இருமும்வரை சிரித்தாள்.

ஹோம் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. முதுகு வலிக்கிறது. காலையில் கடைக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட வேண்டும்.