சீட்டைப் பிடிக்கும் வேலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

சிரிக்காமல் படி. போன ஞாயிறு, சைக்கிள் கடை வாசலில் எல்லோர் முன்னும் என் பேன்ட் டர்ரென்று கிழிந்துவிட்டது.

ஆமாம், ஞாயிறு மட்டும் அங்கே பகுதிநேர வேலை பிடித்திருக்கிறேன். ஆறு நாள் குடோனில் பெட்டிக்கு டேப் ஒட்டிச் சலித்தவனுக்கு அது கொண்டாட்டம். சைக்கிளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்துவிட்டு, வாங்கிய பிள்ளைகளுக்குச் சீட்டைப் பிடித்து ஓட்டவும் பழக்குவேன். அப்படிக் குனிந்து ஓடும்போதுதான் கிழிந்தது.

முதலாளி சிரிக்கவில்லை. "அண்ணே, உங்கள நட்டு முடுக்கத்தான் வெச்சிருக்கேன். பள்ளிக்கூடம் நடத்த இல்ல."

"ஒரு ரவுண்டுதானே சார்?"

"புள்ள விழுந்தா யாரு பதில் சொல்றது? அதெல்லாம் அவங்கவங்க அப்பா பாத்துப்பாங்க."

இனி பின்னறையில் ஸ்பானரும் நானும்தான். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. பிடித்த வேலை கிடைத்தும், அதில் பிடித்த பாதியைப் பிடுங்கிக்கொண்டார்.

பாப்பாவின் சைக்கிள் சீட்டை ஒரு விரற்கடை இறக்கச் சொல். கால் தரையில் படவேண்டும். அவள் ஓட்டுகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. குடோன் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

முதலாளியிடம் ஒன்றை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்: ஊரில் என் மகள் பழகியபோது நான் இங்கே குடோனில்; சீட்டைப் பிடித்தது பக்கத்து வீட்டு டிரைவர்.